வண்டியின் தலைக்கனம்

மனிதனுக்குத் தலைக்கனம் ஆகாது என்று பெரியோர் சொல்லுவர். மோட்டார் வண்டிக்கு ஆகுமா என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. குடும்பத்தோடு நெடுவழிப் பிரயாணம் போகிறவர்கள் அதைத் தாமே யோசித்து முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நம்மவர்களுக்குப் பிரயாணம் என்றால் அதில் பாதி மூட்டை முடிச்சுத்தான். கூண்டு வண்டியில் யாத்திரை போன காலத்தில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, பாத்திரம் பண்டங்களை ஓரங்களில் செருகினார்கள். பஸ் வந்ததும் அதன் பின்புறத்து ஏணி வழியாக மூட்டைகள் கூரைமேல் ஏறின. அம்பாஸடர் காரின் காலத்தில், மழைநீர் வடிவதற்காகக் கூரையின் இரு ஓரங்களிலும் ஓடிய தகட்டு விளிம்பை இரும்புக் கேரியரின் கால்கள் கவ்விக்கொண்டன. அதன்மேல் படுக்கையும் பெட்டியும் கயிற்றால் இறுக்கப்பட்டு ஊர் ஊராகப் பவனி வந்தன. அந்த வண்டியின் உற்பத்தி 2014-ஆம் வருஷத்தில் நின்றுவிட்டது. இன்றைய வண்டிகளில் அந்த விளிம்பும் இல்லை. வழவழவென்று இருக்கும் கூரையின்மேல் எதை, எதைக்கொண்டு, எவ்வளவு கட்டலாம் என்பதே இப்போது கேள்வி.

சென்ற புரட்டாசியில், காலாண்டுப் பரீட்சை விடுமுறையில், திருச்சியிலிருந்து ராமேசுவரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி ஆகிய மூன்று கடற்கரை க்ஷேத்திரங்களுக்கும் போய்வருவது என்று எங்கள் வீட்டில் தீர்மானமாயிற்று. போகிறவர்கள் ஏழு பேர்: நாங்கள் இருவர், குழந்தைகள் இருவர், அக்கா, அத்தான், எழுபத்தெட்டு வயதான அம்மா. வண்டியிலும் ஏழு ஆசனங்கள் இருக்கின்றன. ஆனால் ஏழையும் நிமிர்த்திவிட்டால் பின்கதவுக்கும் கடைசி ஆசனத்துக்கும் இடையே எஞ்சுவது ஒரு முழ அகலந்தான். அந்த இடத்தை அம்மாவின் மடக்குச் சக்கர நாற்காலி எடுத்துக்கொண்டுவிட்டது. ஏழு பேருடைய ஆறு நாளைத் துணிமணிகளுக்கு இடம் எங்கே?

"நான் ஒருத்தி வராமல் இருந்துவிட்டால் நாற்காலியும் வேண்டாம், இந்தத் தொல்லையும் வேண்டாம். எல்லாச் சாமானும் உள்ளேயே அடங்கிவிடுமே, அப்பா!" என்றார் அம்மா.

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கணக்கை யாரும் ஒப்புக்கொள்வதாக இல்லை. அவர் புது மணப்பெண்ணாக அப்பாவோடு ரயிலில் பாம்பனைக் கடந்து ராமேசுவரம் போனவர். அதன் பிறகு அங்கே போகவில்லை. இந்தப் பிரயாணமே அவருக்காக ஏற்பட்டது. ஆகவே, கூரைமேல் சாமான் ஏற்றுவதற்கு நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்று ஆயிற்று.

மூன்று வகை

கடைவீதியில் விசாரித்ததில் மூன்று வகைச் சாதனங்கள் இருப்பது தெரிந்தது.

முதலாவது, நமக்குப் பழக்கமான திறந்த கேரியர். இரும்புக் குழாயாலோ அலுமினியத்தாலோ செய்த தட்டு அது. விலை குறைவு, கோணல்மாணலான சாமான்களையும் ஏற்றலாம். ஆனால் மழைக்கும் புழுதிக்கும் அது திறந்த வீடு. தார்ப்பாய் போட வேண்டும். தார்ப்பாயைக் கட்ட வேண்டும். கட்டியது அவிழாமல் காவல் காக்க வேண்டும். இரும்புத் தட்டு சாமான் ஏறுமுன்பே கணிசமான எடை உள்ளதாகவும் இருக்கும்.

இரண்டாவது, நீர் புகாத கெட்டித் துணியில் தைத்த பெரிய பை. ஐந்து கிலோவுக்குள் அடங்கும். ஊர் திரும்பியதும் மடித்துப் பரணில் போட்டுவிடலாம். ஆனால் பூட்டு அதற்கு அரைப் பாதுகாப்புத்தான். அழகர்கோவிலிலும் குற்றாலத்திலும் வானரங்களின் கைவரிசையைக் கண்டவர்கள், துணிப்பையில் தின்பண்டம் வைத்துக் கூரைமேல் ஏற்ற ஒருபோதும் துணிய மாட்டார்கள். மேலும், பை முழுதும் நிரம்பாவிட்டால் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, கெட்டியான பிளாஸ்டிக்கால் செய்த மூடிய பெட்டி. முன்பக்கம் படகின் மூக்கைப்போல் சரிந்திருக்கும். மழை புகாது, பூட்டிக்கொள்ளலாம், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். விலைதான் அதிகம். அதோடு, ஏறக்குறைய ஓர் ஆள் நீளமுள்ள அந்தப் பெட்டியை வருஷத்தில் மற்ற முந்நூற்று ஐம்பது நாளும் வீட்டில் எங்கே வைப்பது என்பதும் ஒரு பிரச்னை.

எந்த வகையானாலும், முதலில் கூரையின் குறுக்கே இரண்டு கம்பிகள் பொருத்தியாக வேண்டும். சில வண்டிகளின் கூரையில் நீளவாட்டில் இரண்டு தண்டவாளங்கள் இருக்கும். அவற்றைப் பார்த்ததும் குறுக்குக் கம்பியை மாட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் எல்லாத் தண்டவாளங்களும் பாரம் தாங்குபவை அல்ல. அழகுக்காக ஒட்டப்பட்டவையும் உண்டு. வண்டியோடு கொடுக்கப்படும் கைப்புத்தகத்தைப் பார்த்தால் உண்மை தெரியும். தண்டவாளமே இல்லாத வண்டிகளில் கதவின் மேல்விளிம்பைக் கவ்வும் பிடிகளை உபயோகிக்கிறார்கள். அவை அந்தந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பிடி போதும் என்று சொல்லும் கடைக்காரரிடமிருந்து வணக்கம் சொல்லிப் புறப்பட்டுவிடுவது நல்லது.

எடைக் கணக்கு

"சார், நூற்றைம்பது கிலோ வேண்டுமானாலும் ஏற்றுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார் ஒரு கடையில். கேரியர் தாங்கும், அதில் சந்தேகமில்லை. வண்டி தாங்க வேண்டுமே! கூரை எவ்வளவு சுமக்கலாம் என்பதை வண்டி செய்தவர்களே கைப்புத்தகத்தில் குறித்திருக்கிறார்கள். பல வண்டிகளுக்கு அது 50 கிலோவிலிருந்து 75 கிலோ வரையில்தான். எங்கள் வண்டிக்கு 75.

இந்த 75 முழுவதும் சாமானுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. குறுக்குக் கம்பிகள் 6 கிலோ. பெட்டி 19 கிலோ. ஆக 25 போய்விட்டது. மிஞ்சுவது 50. வீட்டில் தராசை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையாக நிறுத்தோம். துணிப்பைகள் ஐந்து, ஒவ்வொன்றும் 8 கிலோவாக 40. ஜமக்காளமும் தலையணைகளும் 6. மொத்தம் 46. எவர்சில்வர் தூக்குகள், தண்ணீர்க் குடுவை, குழந்தைகள் வாங்கச்சொன்ன மட்டைப்பந்து ஆகியவற்றுக்குக் கூரைமேல் பிரவேசம் மறுக்கப்பட்டது.

நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கூரையில் நாலு பேர் ஏறி உட்கார்ந்தாலும் அது நசுங்கிப் போவதில்லை. அப்படியானால் எதற்காக இந்தக் கட்டுப்பாடு என்று குழந்தைகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நிற்கும் பாரம் வேறு, ஓடும் பாரம் வேறு. வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் சாய்க்கிறது. பிரேக் போட்டால் முன்பக்கம் பாய்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் துள்ளுகிறது. பாரம் உயரத்தில் இருக்க இருக்க வண்டியின் நிலைகுலையும் தன்மை அதிகமாகிறது. தலையில் குடத்தோடு நடக்கிறவள் சட்டென்று திரும்புவதில்லை. வண்டி ஓட்டுகிறவரும் அவளிடம் பாடம் கேட்க வேண்டும்.

இதிலிருந்து ஏற்றுமதிக்கு ஒரு விதி கிடைக்கிறது. கனமானவை எல்லாம் வண்டிக்குள், தரையோடு தரையாக. இடத்தை அடைத்துக்கொண்டு எடையில்லாமல் இருப்பவை கூரைமேல். பெட்டிக்குள்ளும் சற்றுக் கனமானவை இரண்டு கம்பிகளுக்கும் நடுவில். தலையணை போன்றவை முன்னும் பின்னும். இன்னொரு விதியும் உண்டு: வழியில் வேண்டியவை கீழே, இரவு தங்குமிடத்தில் வேண்டியவை மேலே. 15 கிலோ சக்கர நாற்காலியை ஒவ்வொரு கோவில் வாசலிலும் கூரையிலிருந்து இறக்குவது முடியாத காரியம். ஆகையால் அது உள்ளே இருந்தது. துணிகள் மேலே போயின.

காற்றின் கணக்கு

பையா, பெட்டியா என்று தயங்கியபோது முடிவைச் சொன்னது காற்றுத்தான். நாங்கள் போகும் வழியில் காற்றுக்குப் பேர்போன இடங்கள் இரண்டு இருக்கின்றன: ஒன்று பாம்பன், மற்றொன்று ஆரல்வாய்மொழி.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி உயர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், கூரைமேல் இருக்கும் சாமான் 100 கிலோமீட்டர் வேகத்தின் அடியை வாங்குகிறது. அதாவது, காற்றில்லாத நாளில் வாங்கும் அடியைப்போல் கிட்டத்தட்ட 2¾ பங்கு. கட்டு தளர்வாக இருந்தால் அதைப் பிரித்துவிட இது போதும்.

எரிபொருள் செலவும் இதே கணக்கில் சேர்ந்தது. கூரைமேல் மழுங்கிய முகமுள்ள பெரிய பெட்டி இருந்தால், நகரத்துக்குள் மைலேஜ் நூற்றுக்கு 2 முதல் 8 வரையிலும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 வரையிலும், அதிவேகச் சாலையில் 10 முதல் 25 வரையிலும் குறையும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் எரிசக்தி இலாகா சொல்லுகிறது. வேகத்தை 80 கிலோமீட்டருக்குள் அடக்கிக்கொண்டால் பணமும் மிச்சம், பயமும் மிச்சம்.

ஆகவே பெட்டியே என்று முடிவாயிற்று. விலைக்கும் இடத்துக்கும் ஒரு வழி பிறந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கணக்குப் போதிக்கும் நண்பர் ஒருவர் அதே மாதிரி வண்டி வைத்திருக்கிறார். இரண்டு குடும்பமும் பாதிப் பாதி போட்டுப் பெட்டியை வாங்கினோம். அவர் வீட்டுக் கொட்டகையின் சுவரில் அது தொங்குவது என்றும், பிரயாணம் போகிறவர்கள் எடுத்துக்கொள்வது என்றும் ஒப்பந்தம். வாங்குவதற்கு முன் கடைவாசலிலேயே பெட்டியைக் கூரைமேல் வைத்துப் பின்கதவைத் திறந்து பார்த்தோம். கதவு மேலெழும்பிப் பெட்டியில் இடிக்காமல் நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் பெட்டி வாங்கக் கூடாது.

புறப்பாடு

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு எல்லாப் பிடிகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது சாஸ்திரம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை அவ்வளவு தூரந்தான். அங்கே இட்லிக்கும் காபிக்கும் நின்றபோது அத்தான் ஏறிப் பார்த்தார். நான்கில் ஒரு பிடி கால் திருகு இடங்கொடுத்திருந்தது. இறுக்கிவிட்டுக் காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் சேர்ந்தோம்.

உச்சிப்புளிக்கு அருகில் பார்த்த காட்சியை மறக்க முடியாது. எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி திறந்த கேரியரில் மெத்தைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. மேலே தார்ப்பாய், அதைப் பிடித்துக்கொண்டிருந்தவை வெறும் ரப்பர்க் கயிறுகள். கடற்காற்று வீசும் வெட்டவெளி வந்ததும் தார்ப்பாய் பலூனைப்போல் உப்பிற்று. அடுத்த நிமிஷம் ஒரு மெத்தை எழும்பிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு சாலையில் விழுந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர், மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வண்டியை ஒடித்து மண் ஓரத்தில் இறக்கி எப்படியோ நிறுத்திவிட்டார். அந்தப் பெண் இறங்கிக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மெத்தைக்கு உரியவர் ஓடிவந்து கைகூப்பினார். எங்களிடம் இருந்த இரண்டு பட்டை வார்களைக் கொடுத்து, மெத்தையைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட உதவினோம். இழுத்தால் நீளும் கயிறு, காற்று இழுத்தாலும் நீளத்தானே செய்யும்? கூரைமேல் கட்டுவது நம்முடைய சாமான்தான். அது விழுவதோ பின்னால் வருகிறவர் மேல். இதை நினைவில் வைத்துக்கொண்டால் கட்டுவதில் அலட்சியம் வராது.

பாம்பன்

மண்டபம் தாண்டியதும் இருபுறமும் கடல் திறந்துகொள்கிறது. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. அதுவரையில் ராமேசுவரம் தீவுக்குப் போகிறவர்களுக்கு ரயிலையும் படகையும் விட்டால் கதியில்லை. பாலத்தின் உச்சியில் காற்று வண்டியின் தோளைப் பிடித்துத் தள்ளுவதை நன்றாக உணர்ந்தோம். வேகத்தை நாற்பதாகக் குறைத்து, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து ஓட்டினார் அத்தான். பெட்டி முணுமுணுக்கவும் இல்லை.

வடபுறம் ரயில் பாலங்கள் தெரிந்தன. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும்பிக் கப்பலுக்கு வழிவிட்டுவந்தது. 1964 டிசம்பர் புயலில் அது பெரிதும் சிதைந்தது, ஸ்ரீ ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் அதில் ரயிலை விடாமல் நிறுத்திவைத்தார்கள். 2022 டிசம்பரில் அதில் போக்குவரத்து நின்றது. அதன் அருகே கட்டப்பட்ட புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, பிரியாமல் அப்படியே நேராக மேலே உயர்கிறது.

"அந்தப் பழசில்தான் நாங்கள் போனோம். ஜன்னல் ஓரத்தில் உட்காராதே என்று உங்கள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்" என்றார் அம்மா. பிறகு பாலம் முடியும் வரையில் அவர் பேசவில்லை. குழந்தைகளும் அதிசயமாகப் பேசாமல் இருந்தார்கள்.

ராமேசுவரம் கோவிலின் வெளிப் பிராகாரத்தில் சக்கர நாற்காலி தேர்போல் ஓடிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள் இருபுறமும் அணிவகுத்து நிற்கும் அந்த நீண்ட மண்டபத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளமா? அன்றைக்கு இது தெரியவே இல்லையே!" என்றார் அம்மா. கோவிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நாங்கள் ஸ்நானம் செய்தோம். அம்மாவுக்கு அக்கா புரோக்ஷணம் செய்துவைத்தாள். தீர்த்தமாடியபின் ஒரு சங்கடம்: ஈரத்துணி. உலர்ந்திருந்தபோது 8 கிலோ இருந்த பை, ஈரத்தோடு எவ்வளவு இருக்கும் என்பதை யோசிக்க வேண்டும். கடலோர யாத்திரை போகிறவர்கள் எடைக்கணக்கில் சில கிலோவைத் தீர்த்தத்துக்காக விட்டுவைப்பது அவசியம். நாங்கள் ஈரத்துணிகளைத் தங்குமிடத்து மாடியில் உலர்த்திய பிறகே பெட்டியில் ஏற்றினோம்.

மறுநாள் தனுஷ்கோடி போனோம். 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் கொண்டுபோன ஊர் அது. ரயில் ஒன்றும் அதில் பயணிகளோடு போயிற்று. இடிந்த மாதாகோவில் சுவர்கள் மணலில் நிற்கின்றன. 2017 முதல் அரிச்சல்முனை வரையில் தார்ச்சாலை இருக்கிறது. அங்கே பேச்சுக்கூடக் காதில் விழாதபடி காற்று. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் பெட்டியின் பிடிகளையும் கம்பிகளையும் கழுவினோம். உப்பும் மணலும் திருகில் ஏறிவிட்டால் துருப்பிடிக்கும்.

ஆரல்வாய்மொழி

சாயல்குடி, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தங்குமிடத்தின் வண்டி நிறுத்துமிடம் தரைக்குக் கீழே, வாயிலில் 2.1 மீட்டர் உயரம் என்று எழுதியிருந்தது. பெட்டியோடு எங்கள் வண்டியின் உயரம் 2.15 மீட்டர். புறப்படுமுன் அளந்து, சக்கரத்துக்கு எதிரே சீட்டு எழுதி ஒட்டியிருந்ததால், வெளியிலேயே நிறுத்திவிட்டோம்.

கன்னியாகுமரியில் இரண்டு நாள் தங்கி, சுசீந்திரம், நாகர்கோவில் வழியாகத் திரும்பினோம். மேற்குத்தொடர்ச்சி மலையின் வால் முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. அகன்ற வாய்க்கால் குறுகும் இடத்தில் தண்ணீர் விரைந்து ஓடுவதைப்போல், மேல்கடல் காற்று மலைகளுக்கு இடையே நெருங்கிச் சீறிக்கொண்டு வருகிறது. முப்பந்தலைச் சுற்றி நிற்கும் எண்ணற்ற காற்றாலைகளே அதற்குச் சாட்சி. இங்கே காற்றைவிட அபாயமானது காற்று திடீரென்று நின்று மறுபடி அடிப்பது. பெரிய லாரி ஒன்று பக்கத்தில் வரும்போது காற்று மறைகிறது. அது கடந்ததும் அறைகிறது. லாரியை முந்துவதை விட்டுவிட்டுக் காவல்கிணறு வரையில் நிதானமாக வந்தோம்.

திருநெல்வேலி, மதுரை வழியாக வீடு வந்து சேர்ந்தபோது மொத்தம் 975 கிலோமீட்டர் ஆகியிருந்தது. வழக்கமாக லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி 13 ஓடியிருந்தது. அதாவது 65 லிட்டருக்குப் பதில் 75 லிட்டர். பெட்டிக்காக நாங்கள் கொடுத்த விலை பத்து லிட்டர். இன்னொரு வண்டியை வாடகைக்கு அமர்த்தியிருந்தால் அதன் வாடகையும், எரிபொருளும், டிரைவரின் படியும் தனி. குடும்பமும் இரண்டாகப் பிரிந்து போயிருக்கும். பாம்பன் பாலத்தில் அம்மா சொன்னதைப் பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஊர் திரும்பிய மறுநாளே பெட்டியையும் கம்பிகளையும் கழற்றிவிட்டோம். சும்மா இருக்கும் பெட்டியைக் கூரைமேல் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போவது காற்றுக்குக் கப்பம் கட்டுவதுதான். அடுத்த விடுமுறையில் நண்பர் குடும்பம் ஆழியாறு வழியாக வால்பாறை போகிறது. அங்கே கொண்டை ஊசி வளைவுகள் நாற்பது. பெட்டியோடு ஒரு காகிதமும் அவரிடம் போயிருக்கிறது. அதில் கம்பிகள் 6, பெட்டி 19, சாமான் 50-க்கு மேல் கூடாது, உயரம் 2.15, ஐம்பதாவது கிலோமீட்டரில் திருகு பார்க்கவும் என்று எழுதியிருக்கிறோம். கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதா என்று அவர் சிரித்தார். ஆயினும் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.